ஒரு புட்டா அளவு பாங்காக்

பாங்காக் விமான நிலையத்தில் மேகலா என்னைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி நின்றாள்.

நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறேன். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், நான்கு எட்டு தூரத்தில், நீலச் சுடிதாரில் அவள் நிற்கிறாள். கையை ஆட்டினேன். அப்புறம் இரண்டு கையையும் ஆட்டினேன். யாரோ ஒரு டாக்ஸிக்காரர் பதிலுக்குக் கையாட்டினார். மேகலா ஆட்டவில்லை. ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறோம், முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி நான் என்ன செய்துவிட்டேன்?

"ஏய் மேகலா!" என்று கத்தினேன்.

குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். முகத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தி எதையோ தேடினாள். சட்டென்று நிறுத்தி, "அங்கதான் இருக்கியா!" என்று சிரித்தாள். கட்டிப்பிடித்து முடித்ததும் கைப்பையிலிருந்து மடக்கி வைத்த வெள்ளைக் கோல் ஒன்றை எடுத்து உதறினாள். டக் டக்கென்று அது நீண்டது.

"இன்னாடி இது?"

"கோலு. வா, ரயிலு போயிடும்."

மேகலாவும் நானும் காஞ்சிபுரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் நெசவாளர் வீட்டுப் பெண். நான் ஐயம்பேட்டைப் பக்கத்துக் காலனிப் பெண். அவள் வீட்டில் எனக்கு முதன்முதலாகத் தண்ணீர் கொடுத்தபோது தனி டம்ளரில் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து மேகலா அந்த டம்ளரில்தான் குடிப்பேன் என்று அடம்பிடித்தாள். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் தனி டம்ளர் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் தேறியதும் அவளால்தான். திருமணம் இரண்டே வருடத்தில் கசந்துபோக, பாங்காக்கில் ஓர் இந்தியப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள்.

"இந்த வருஷம் கண்டிப்பா வா. ஊரு சுத்திப் பார்க்கலாம்" என்று ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்புவது தெரிந்ததும் அவளுடைய அண்ணன் குமரவேல் என் வீட்டுக்கு வந்தார். தறியிலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறார். சட்டையெல்லாம் பட்டுப் பிசிறு.

"வீடியோவுல பேசறப்ப எங்கியோ பார்த்துக்கினு பேசறாமா. எதிர்ல இருக்கற டம்ளரைத் தடவித் தடவி எடுக்கறா. எதையோ மறைக்கறா. நீ போயி பாரு. முடிஞ்சா கூட்டிக்கினு வந்துடு. நான் சொன்னேன்னு சொல்லாத."

சரி அண்ணா என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

ரயிலில் உட்கார்ந்ததும் மேகலா தானே சொன்னாள். "நடுவுல மட்டும்தான் தெரியுது. சுத்தியும் போயிடுச்சு. கையை நீட்டிக் காட்டினா, ஒரு புட்டா அளவுக்கு." புட்டா என்பது பட்டுப்புடவையின் உடம்பில் அங்கங்கே ஜரிகையில் நெய்யும் சின்னப் பூ. அவள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து அந்த அளவைக் காட்டினாள். "சாயங்காலம் ஆச்சுன்னா அதுவும் இல்ல. பொறப்புலயே இருக்கற கோளாறாம். மருந்து கிடையாது."

பள்ளிக்கூட நாட்களிலேயே மாலை ஆனால் அவளுக்குத் தடுமாற்றம் உண்டு. மாலைக்கண் என்று முருங்கைக்கீரையாகச் சமைத்துப் போட்டார்கள். அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருவது என் தொழில். அறுபது வயது அம்மாவுக்குக்கூடக் கற்றுத்தந்திருக்கிறேன். என்னால் கற்றுத்தர முடியாமல் போன ஒரே ஆள் மேகலாதான். பதினான்கு வயதில் சைக்கிள் பழக்கினேன். ஓரத்தில் நிற்கும் மாடு, கம்பம், கைவண்டி எல்லாவற்றின் மேலும் போய் மோதுவாள். "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று தெருவே கேட்கக் கத்துவேன். அந்த ரயிலில், முப்பது வருடம் கழித்து, அது நினைவுக்கு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் திரும்பியது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் தெருமுனைக்குப் போனோம். நாம் காய்ச்சலுக்குக் குடிக்கும் அரிசிக் கஞ்சிதான் அங்கே காலை டிபன். மேலே இஞ்சியைச் சீவிப் போட்டு, முட்டை உடைத்து ஊற்றிக் கொடுக்கிறார்கள். காய்ச்சல் இல்லாமல் கஞ்சி குடிப்பது இவ்வளவு சுகம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

காலையில் கிடைத்த அந்தச் சுகத்தை மதியம் நானே கெடுத்துக்கொண்டேன். பப்பாளிக்காயைச் சீவி, உரலில் மிளகாய், எலுமிச்சை, மீன் சாறு எல்லாம் போட்டு இடித்துத் தரும் கடை. எத்தனை மிளகாய் என்று கடைக்கார அம்மா விரலால் கேட்டார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். "வேணாம்டி, ரெண்டு போதும்" என்றாள் மேகலா. "நாங்க பார்க்காத மிளகாயா?" என்றேன். மூன்றாவது வாயில் காது அடைத்துக்கொண்டது. கடைக்கார அம்மா ஏதோ சொல்ல, சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"'உன் ஃப்ரெண்டுக்கு ஊரை விட்டு வந்த ஏக்கம் போலருக்குது, கண்ணுல தண்ணியா கொட்டுது'ன்றாங்க" என்று மேகலா மொழிபெயர்த்தாள். அந்த அம்மா ஒரு கப் நிறைய ஐஸை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

மேம்பாலத்து ரயிலுக்குப் போனபோதுதான் தரையைக் கவனித்தேன். நடைபாதை நெடுக மேடு மேடான மஞ்சள் கல் பதித்திருக்கிறார்கள். மேகலாவின் கோல் அதைத் தொட்டுக்கொண்டே போகிறது. எல்லா இடத்திலும் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் மஞ்சள் கல்லின் மேலேயே வறுத்த மீன் வண்டி நின்றது. இன்னோர் இடத்தில் கல் நேராகப் போய் ஒரு மரத்தில் முடிந்தது. ஆனால் ரயில் நிலையத்தில் காவலர் ஓடி வந்து அவளுக்கு முழங்கையைக் கொடுத்தார். பெட்டியில் ஏற்றிவிட்டு, அடுத்து இறங்கும் நிலையத்துக்குப் போன் செய்து சொன்னார். கதவு திறந்தபோது அங்கே இன்னொருவர் காத்திருந்தார். மேகலா அவரிடம் பேரன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தாள்.

இத்தனை இருந்தும் நான் சும்மா இருக்கவில்லை. படி வந்தால் அவள் கையைப் பிடித்தேன். ஆள் வந்தால் இழுத்தேன். வண்டி வந்தால் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அவள் ஒவ்வொரு முறையும் மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கப் போனோம். எங்கள் ஊரில் உலகளந்த பெருமாள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். இவர் ஒரு தெரு நீளத்துக்குத் தங்கமாகப் படுத்திருக்கிறார். கூடத்துக்குள் நுழைந்தவுடன் எனக்கு ஒரே வருத்தமாகப் போயிற்று. இவ்வளவு பெரிய உருவத்தை அந்தச் சின்ன வட்டத்தில் இவள் எப்படிப் பார்ப்பாள்?

"முழுசாத் தெரியுதா உனக்கு?" என்று மேகலாதான் என்னைக் கேட்டாள்.

பார்த்தேன். வரிசையாகத் தூண்கள். ஒரு இடத்தில் முகம் தெரிந்தால் கால் தெரியவில்லை. கால் தெரிந்தால் தோள் இல்லை. பின்னால் நகர்ந்து பார்க்கலாம் என்றால் சுவர்.

"இல்லயே" என்றேன்.

"அதான். இங்க எல்லாரும் என்னை மாதிரிதான். துண்டு துண்டாப் பார்த்து மனசுக்குள்ள சேர்த்துக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச சாமி இவரு" என்றாள். பாதத்தருகே பத்து நிமிடம் நின்றாள். உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்துச் செய்த படங்களை, தலையை வரிவரியாக நகர்த்தி, ஒன்றுகூட விடாமல் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்தவற்றில் பாதியை அவள் சொல்லித்தான் திரும்பிப் பார்த்தேன்.

நான்காம் நாள்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நகரத்துக்கு நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதில் பஸ் மாதிரிப் படகு போகிறது. நம் ஊர் டவுன் பஸ் நிற்கும் நேரம்கூட அது நிற்காது. மேடையை உரசிக்கொண்டு வரும், ஏறுபவர்கள் தாவ வேண்டும், கிளம்பிவிடும். டிக்கெட் கொடுக்கிறவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடக்கிறார். தண்ணீர் தெறித்தால் பயணிகளே கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குத் திரும்ப அந்தப் படகுக்கு நின்றோம். மேகலா கோலால் மேடையின் விளிம்பைத் தொட்டு, படகின் விளிம்பைத் தொட்டு, காலைத் தூக்கினாள். எனக்குப் பதறியது. "பார்த்து!" என்று அவள் மேல்கையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். தூக்கிய கால் படகில் படாமல் நடுவே இறங்கியது. முழங்கால்வரை இடுக்கில் போய்விட்டாள். கோல் கால்வாயில் விழுந்தது.

படகிலிருந்து இரண்டு பேர் அவள் அக்குளில் கைகொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி உள்ளே போட்டார்கள். நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேகலாவின் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வழண்டு ரத்தம்.

"ஏன்டி இழுத்த?" என்று கத்தினாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. "நாலு நாளா இழுத்துக்கினே இருக்க! நான் உன்னைப் பிடிக்கணும்டி, நீ என்னைப் பிடிக்கக்கூடாது! வாரத்துக்கு மூணு நாள் இந்தப் படகுல நான் தனியா ஏறுறேன், தெரியுமா உனக்கு?"

ஹெல்மெட்காரர் ஏதோ அதட்டினார். பிற்பாடுதான் அர்த்தம் சொன்னாள். "முதல்ல உட்காருங்க, அப்புறம் சண்டை போடுங்க" என்றாராம்.

எங்கள் படித்துறையில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். பாட்டில் தண்ணீரால் காயத்தைக் கழுவினேன். உண்மையைச் சொல்லாமல் அந்தக் காலைத் தொட முடியாது என்று தோன்றியது.

"உங்கண்ணன் உன்னைக் கூட்டிக்கினு வரச் சொல்லி அனுப்பினாரு."

"தெரியும்" என்றாள். "நீ பிடிக்கற பிடியிலயே தெரியுது. பார்சலைத் தூக்கற மாதிரி பிடிக்கற."

எனக்கு அழுகை வந்தது. சைக்கிள் கற்றுக்கொடுத்த கதையையும் சேர்த்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, "சரி, எழுந்துரு. இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு எதுவும் தெரியாது. கோலும் இல்ல. உன் முழங்கையைக் குடு. நீ அரை அடி முன்னால நட. வழி நான் சொல்றேன்" என்றாள்.

அப்படித்தான் நடந்தோம். எனக்கு வழி தெரியாது, பாஷை தெரியாது. அவளுக்குத் தரை தெரியவில்லை. "இப்ப சலவைக்கடை வாசனை வரும், அங்க லெஃப்ட்டு" என்பாள். வரும். "மூணு படி" என்று நான் சொல்வேன். ஏறுவாள். சந்து முடிவில் ஆரஞ்சு அங்கி போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள் நின்றார்கள். அவர்களில் ஒரு பெண். நொய் என்று பெயர். மேகலா அவளை "பி நொய்" என்று கூப்பிட்டாள். பி என்றால் அக்கா. அந்த அக்கா காயத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, மேகலாவை நடுவிலும் என்னைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு பறந்தாள். ஊரில் மூன்று பேராகப் போகிற பெண்களை நிறுத்தித் திட்டுகிறவள் நான். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து வந்தேன். மருந்து வாங்கிவந்து வீட்டு வாசலில் கட்டுப்போட்டதும் அந்த அக்காதான்.

மறுநாள் வெளியே போகவில்லை. நொய் அக்காவே போய்ப் புதுக் கோல் வாங்கி வந்தாள். மாலையில் மேகலாவிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லாம் துணிக்கடைக்கார இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள். பள்ளி வேலையை விட்ட பிறகு அவளுக்கு இதுதான் பிழைப்பு. கணக்கின் ஒவ்வொரு வரியையும் பிள்ளைகள் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே, "நில்லு, மூணாவது வரியில ஒரு மைனஸ் காணாமப் போச்சு" என்பாள். வரியைச் சொன்ன பெண் நோட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

பிள்ளைகள் போனதும் மேகலா கேட்டாள். "உண்மையா சொல்லு, ஸ்டெல்லா. நான் ஊருக்கு வந்துட்டா, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து எங்க வீட்டுக்குத் தனியா நடந்து வருவேனா?"

நான் அந்த வழியை மனதுக்குள் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பெண்களுக்கு வண்டி பழக்குகிற சாலைதான். எதிர்த் திசையில் வரும் பைக், பட்டுக்கடை வாசலில் வழியை மறித்து நின்று கூப்பிடும் தரகர், சாக்கடை மேல் பாதி மூடிய கல், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு.

"வர மாட்ட" என்றேன். "கூட ஒரு ஆளு வேணும்."

"அதான் எனக்கு வேணாம். அண்ணன் கிட்ட நானே பேசறேன்."

வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் தறியில் இருந்தார். மேகலா போனை என்னிடம் கொடுத்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்று, புதுக் கோலை விரித்துக் காட்டினாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அண்ணன் தறியை நிறுத்தினார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தினி வருஷமா?"

"டாக்டர் சொல்லிப் பதினோரு வருஷம்ணா."

"மொதல்ல சாயங்காலம்தான் போச்சா?"

"ஆமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் ரெண்டு வருஷமா அஞ்சு மணிக்கு மேல இழை தெரியலமா. லைட்டு மாத்திப் பார்த்தேன். வயசாவுதுன்னு நினைச்சேன். பக்கத்துல வர்றவங்க மேலல்லாம் இடிச்சுக்கறேன். அண்ணிக்குக்கூடச் சொல்லல."

மேகலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கு வந்துவிடு என்பார் என்று தான் பயந்தது வேறு, நடந்தது வேறு என்று அவள் முகத்தில் தெரிந்தது. "நான் அப்பவே சொல்லியிருந்தா நீ அப்பவே பார்த்திருப்பியே" என்று அழுதாள். "அழாதமா, அழாத" என்று அண்ணனும் அழுதார்.

கொஞ்ச நேரம்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு டீச்சர் குரலில் ஆரம்பித்துவிட்டாள். "பேப்பர் எடுத்துக்கோ. டாக்டரை இன்னா இன்னா கேக்கணும்னு சொல்றேன், எழுது. ஸ்டெல்லா வந்ததும் கூட வருவா. அண்ணி கிட்ட இன்னைக்கே சொல்லிடு."

கடைசி நாள் ஆற்றங்கரைக்குப் போனோம். எதிர்க்கரையில் பீங்கான் பதித்த பெரிய கோபுரம். மேகலா அதன் உச்சியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கிவந்தாள், அதாவது அவள் பார்வை. பிறகு சொன்னாள். "நடுவுல கோபுரம் தெரியுது. ஓரத்துல இன்னா இருக்குது, நீ சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். சின்னப் படகு ஒன்று கயிறு கட்டி நான்கு பெரிய மணல் படகுகளை இழுத்துப் போகிறது. கடைசிப் படகில் துணி காய்கிறது, ஒரு நாய் காவல் இருக்கிறது. படித்துறையில் இளம் பிக்கு ஒருவர் போனில் எதையோ பார்த்துச் சிரிக்கிறார். நமக்குப் பின்னால் ஒரு அம்மா வாழைப்பழத்தைக் கரியில் சுடுகிறார், ஆனால் பக்கத்தில் சுற்றும் ஒரு பூனை மீதுதான் கண். மேகலா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு மணி நேரம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கண்ணாடியைப் பார், ஓரத்தைப் பார்" என்று ஊரில் தொண்டை வறளக் கத்துகிறவள் நான். யாருக்கோ சொல்ல வேண்டும் என்று பார்த்தபோதுதான் உலகத்தின் ஓரங்களில் இவ்வளவு நடக்கிறது என்று தெரிந்தது. தனியாக வந்திருந்தால் கோபுரத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

சுட்ட வாழைப்பழத்தை வாங்கித் தின்றோம். எனக்குப் பெரிய துண்டு. அவளுக்கு அது தெரியாது என்று நினைத்தேன். "கையை நீட்டு, அந்தப் பெரிசுல பாதி குடு" என்றாள்.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் குமரவேல் அண்ணனைச் சென்னையில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதே கோளாறுதான், குடும்ப வழியாக வருவதாம். முன்னாலேயே வந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை, வெளியே வந்து முதல் வேலையாக மேகலாவுக்குப் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அண்ணனுக்கு மெதுவாகத்தான் குறையுமாம். பகல் வெளிச்சத்தில் இன்னும் பல வருடம் நெய்யலாம். அவருடைய மகளுக்கும் சோதித்தார்கள். அவளுக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் கேட்டார்.

"பாஸ்போர்ட் எடுக்க இன்னா இன்னா வேணும்மா?"

"எங்க போகணும்ணா?"

"அவ ஊருக்குத்தான்."

"நல்லதுணா. பெரிய புத்தர் இருக்காரு, ஆத்தங்கரையில கோபுரம் இருக்குது. எல்லாம் சுத்திக் காட்டுவா."

அவர் தலையை ஆட்டினார். "எனக்குக் கோயிலு, கோபுரம்லாம் வேணாம்மா. அவ தனியா எப்படி ரோடு தாண்டறான்னு ஒரு நாள் ஓரமா நின்னு பார்க்கணும். எனக்குத் தெரியறப்பவே பார்த்துடறேன்."